பொதிகையின் மேற்குப் பக்கம்

நுழையும்முன்

ஒரே மலைக்கு இரண்டு பெயர்கள் வழங்குகின்றன. கிழக்கே வாழ்வோர் அதனைப் பொதிகை என்பர். மேற்கே வாழ்வோர் அகஸ்தியர்கூடம் என்பர். அம்மலையின் உச்சிக்குப் பெண்கள் ஏறலாமா என்னும் வினா நெடுங்காலம் விடையின்றி இருந்தது. அதற்கு விடை கிடைத்த வரலாற்றையும், மழையிலும் பனியிலும் வெயிலிலும் மலைகளில் நடந்த பெண்கள் சிலரின் அனுபவங்களையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கடைத்தெருவில் ஒரு மாலை

டிசம்பர் மாதத்துச் சனிக்கிழமை. மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் ஏறிய தாயும் மகளும் எறணாகுளத்தில் இறங்கிப் பிராட்வேக்கு நடந்தனர். கிறிஸ்துமஸ் நெருங்கியதால் கடைகளின் முகப்புகளில் எல்லாம் காகித நட்சத்திரங்கள் தொங்கின. குறுகிய அத்தெருவில் தலையில் பெரும் மூட்டை சுமந்து வந்தவர்களுக்கு வழிவிட்டு, இருவரும் ஒரு காலணிக் கடைக்குள் நுழைந்தனர். மகள் எட்டாம் வகுப்பு மாணவி. பள்ளியிலிருந்து இடுக்கி மலைப்பகுதிக்கு இரண்டு நாள் இயற்கை முகாம் செல்லவிருக்கிறாள். நல்ல காலணி வேண்டும் என்று பள்ளியில் சொல்லியிருந்தனர்.

"மலை ஏறுவதற்குப் பெண்பிள்ளைகளுக்கென்று தனியாக ஒன்றும் வருவதில்லை, சேச்சி. ஆண்பிள்ளைகளுடையதில் சிறிய அளவு இருக்கிறது, போட்டுப் பாருங்கள்" என்றார் கடைக்காரர். அவர் மலையாளி, தமிழ் வாடிக்கையாளரோடு பழகிப் பழகித் தமிழ் நன்றாகப் பேசுவார். மகள் போட்டுப் பார்த்தாள். நீளம் சரியாக இருந்தது. குதிகால் மட்டும் உள்ளே ஆடியது.

"இரண்டு காலுறை போட்டுக்கொள், சரியாகிவிடும்" என்றாள் தாய். பின்பு கடைக்காரரை நோக்கி, "எனக்கு அம்பாசமுத்திரம். எங்கள் வீட்டு மாடியில் நின்றால் பொதிகை மலை தெரியும். தினமும் பார்த்துத்தான் வளர்ந்தேன். ஒரு நாளும் ஏறியதில்லை" என்றாள்.

"பொதிகை என்றால் நம்முடைய அகஸ்தியர்கூடம் அல்லவா? அங்கே பெண்களை விடமாட்டார்களே!"

"இப்போது விடுகிறார்கள், அங்கிள். நூலகத்தில் படித்தேன்" என்றாள் மகள்.

தாய் வியப்போடு மகளைப் பார்த்தாள். தன் ஊர் மலையைப் பற்றித் தனக்குத் தெரியாத ஒன்று கொச்சியில் வளரும் தன் மகளுக்குத் தெரிந்திருந்தது.

இரு மழைகளின் மலை

அகத்திய முனிவர் தங்கித் தமிழுக்கு இலக்கணம் செய்த இடம் பொதிகை என்பது வழிவழி வந்த நம்பிக்கை. சங்க காலத்தில் ஆய் அண்டிரன் என்னும் வள்ளல் இம்மலைநாட்டை ஆண்டான். மலையின் உயரம் 1868 மீட்டர். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையில் அது எல்லைக்கல்லைப் போல் நிற்கிறது. இம்மலைத்தொடரில் பிறக்கும் தாமிரபரணி கிழக்கே ஓடித் திருநெல்வேலிச் சீமையை வளமாக்குகிறது. நெய்யாறு மேற்கே இறங்கித் திருவனந்தபுரம் மாவட்டத்துக்கு நீர் தருகிறது. அம்பாசமுத்திரத்தார்க்குக் கதிரவன் மறைவது இம்மலைக்குப் பின்னால். நெய்யாற்றங்கரையார்க்குக் கதிரவன் எழுவது இம்மலைக்குப் பின்னால்.

இவ்வளவு புகழ்பெற்ற மலையில் ஆண்டு முழுவதும் ஏறிவிட இயலாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவை நனைக்கிறது. அது ஓய்ந்த சில வாரங்களில் வடகிழக்குப் பருவமழை தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கிறது. கொச்சிக்கு முதல் மழை பெரிது. திருநெல்வேலிக்கு இரண்டாவது மழை பெரிது. பொதிகையோ இரண்டையும் வாங்கிக்கொள்கிறது. அப்போது ஓடைகள் பெருகிப் பாதையை மறைக்கும். பாறைகளில் பாசி படரும். இலைதோறும் அட்டைகள் காத்திருக்கும். மார்ச் மாதம் கடந்தால் புல்வெளிகள் காய்ந்து காட்டுத்தீக்கு அஞ்சவேண்டிய காலம் வந்துவிடும். எனவேதான் கேரள வனத்துறை பொங்கலை ஒட்டிய சனவரி நடுப்பகுதியில் பாதையைத் திறந்து, மார்ச் தொடக்கத்துக்குள் மூடிவிடுகிறது. மலையேறுவோர் முன்பதிவு செய்து, நாளொன்றுக்கு இத்தனை பேர் என்னும் கணக்கில்தான் செல்ல முடியும்.

பாதை போணக்காட்டில் தொடங்குகிறது. அடர்ந்த மழைக்காட்டையும் ஓடைகளையும் புல்வெளிகளையும் கடந்து முதல் நாள் முழுவதும் நடந்தால் அதிருமலை முகாமை அடையலாம். இரவை அங்கே கழித்து, மறுநாள் விடியலில் உச்சிக்குப் புறப்பட வேண்டும். இறுதிப் பகுதியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் வழுக்குப் பாறைகளில் ஏற இயலும். உச்சியில் அகத்தியரின் திருவுருவம் உள்ளது. யானையும் காட்டெருதும் கரடியும் வாழும் இக்காடு 2001ஆம் ஆண்டு உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2016இல் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலிலும் சேர்ந்தது.

தடையும் வழக்கும்

பெண்களும் பதினான்கு வயதுக்குட்பட்ட சிறுவர்களும் விண்ணப்பிக்க இயலாது என்பது வனத்துறையின் பழைய விதி. பாதை கடினமானது, வசதிகள் இல்லாதது என்பன அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். இன்னொரு காரணமும் இருந்தது. அம்மலையைச் சூழ்ந்த காட்டில் காணிக்காரர் என்னும் பழங்குடியினர் தொன்றுதொட்டு வாழ்கின்றனர். அகத்தியர் அவர்களுக்குக் குலதெய்வம். அவர் வீற்றிருக்கும் உச்சிக்குப் பெண்கள் செல்லுதல் கூடாது என்பது அவர்களின் மரபு.

காணிக்காரரின் சொல்லை எளிதாகத் தள்ளிவிட முடியாது. அம்மலையை அவர்களைப் போல் அறிந்தவர் எவருமில்லை. 1987ஆம் ஆண்டு அறிவியலாளர் குழு ஒன்று அவர்களின் வழிகாட்டுதலோடு அக்காட்டில் நடந்தது. அறிவியலாளர்கள் களைத்துப் போயினர். வழிகாட்டிகளோ ஒரு சிறு செடியின் காய்களை மென்றபடி களைப்பின்றி நடந்தனர். ஆரோக்கியப்பச்சை எனப்படும் அச்செடியை ஆராய்ந்து பின்னர் 'ஜீவனி' என்னும் மருந்து செய்யப்பட்டது. அதனால் வந்த வருவாயில் ஒரு பங்கு காணிக்காரருக்கே வழங்கப்பட்டது. பழங்குடியினரின் அறிவுக்கு உரிய பங்கு அளித்த முன்னோடி நிகழ்வுகளில் ஒன்றாக அது உலகெங்கும் பேசப்படுகிறது.

ஆயினும் பெண்கள் அமைப்புகள் சில ஒரு நியாயமான கேள்வியை எழுப்பின. வனத்துறை அனுமதிச்சீட்டு தருவது கோயில் வழிபாட்டுக்கா, மலையேற்றத்துக்கா? மலையேற்றத்துக்குத்தான் என்றால் அரசின் அனுமதிச்சீட்டு ஆணுக்கு மட்டும் உரியதாக எப்படி இருக்க முடியும்? அன்வேஷி, விங்ஸ் ஆகிய அமைப்புகள் இக்கேள்வியோடு கேரள உயர்நீதிமன்றத்தை அணுகின. 2018 நவம்பர் மாதத்தில் நீதிபதி அனு சிவராமன் தீர்ப்பு வழங்கினார். பெண் என்னும் ஒரே காரணத்தால் மலையேற்றத்துக்கு அனுமதி மறுத்தல் ஆகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். காணிக்காரர் தம் வழிபாட்டை எப்படி நடத்த வேண்டும் என்று அது சொல்லவில்லை. அரசு தன் கதவை யாருக்குத் திறக்க வேண்டும் என்றே சொன்னது. இவ்விரண்டையும் வேறு பிரித்தறியாமல் அந்நாளில் பலர் சண்டையிட்டனர்.

பொங்கல் நாளில் உச்சியில்

2019ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் அவ்வாண்டின் மலையேற்றம் தொடங்கியது. முதற்குழுவில் நூறு பேர். அவர்களுள் பெண் ஒருவரே. அவர் பெயர் தன்யா சனல். பாதுகாப்புத் துறையின் திருவனந்தபுரம் செய்தித் தொடர்பாளர். வயது முப்பத்தெட்டு. மலையேற்றம் அவருக்குப் புதிதன்று. பெண்களுக்கெனத் தனி வசதி எதுவும் இராது என்று வனத்துறை முன்னரே அறிவித்திருந்தது. அவரும் அப்படி எதுவும் கேட்கவில்லை.

போணக்காட்டில் காணிக்காரர் ஆண்களும் பெண்களுமாகக் கூடியிருந்தனர். தம் மரபு மீறப்படுகிறதே என்னும் வருத்தம் அவர்கள் முகங்களில் இருந்தது. எனினும் எவரும் வழிமறிக்கவில்லை, கல்லெறியவில்லை. அமர்ந்து வழிபாட்டுப் பாடல்களைப் பாடித் தம் எதிர்ப்பைத் தெரிவித்தனர். அவர்களைக் கடந்து அக்குழு காட்டுக்குள் சென்றது. அதே மாதம் கேரளத்தின் வேறோர் இடத்தில் வேறொரு வழிபாட்டு வழக்கையொட்டித் தெருக்களில் பெருங்கலவரம் நடந்துகொண்டிருந்ததை நினைத்தால், காணிக்காரரின் அமைதி எவ்வளவு பெரிது என்பது விளங்கும்.

அன்றிரவு அதிருமலையில் தங்கிய தன்யா, மறுநாள் சனவரி 15 அன்று உச்சியை அடைந்தார். தமிழ்நாட்டில் வீட்டு முற்றங்கள்தோறும் பானை பொங்கிய நாள் அது. தீர்ப்புக்குப் பின் அவ்வுச்சியில் கால்வைத்த முதல் பெண் என நாளிதழ்கள் அவரைப் பாராட்டின. அவரைத் தொடர்ந்து அந்தப் பருவத்திலேயே வேறு பல பெண்களும் ஏறினர்.

மே மாதத்துச் சிகரம்

பொதிகைக்குச் சனவரி எப்படியோ, எவரெஸ்டுக்கு மே மாதம் அப்படி. 8848 மீட்டர் உயரமுள்ள அச்சிகரத்தின் மேல் குளிர்காலம் முழுவதும் கடுங்காற்று வீசும். மே மாதத்தில் அக்காற்று சற்றே விலகும். ஜூன் மாதத்தில் பருவமழையோடு புதுப்பனி கொட்டத் தொடங்கும். இடைப்பட்ட சில நாட்களில் ஏறி இறங்கிவிட வேண்டும். எவரெஸ்ட் ஏறிய பெண்களின் நாட்களைப் பார்த்தால் இது புரியும். ஜப்பானின் ஜுன்கோ தாபெய் 1975 மே 16. இந்தியாவின் பச்சேந்திரி பால் 1984 மே 23. தமிழ்நாட்டின் முத்தமிழ்செல்வி 2023 மே 23.

உலகில் முதன்முதலில் எவரெஸ்ட் ஏறிய பெண் ஜுன்கோ தாபெய். பெண்கள் மட்டுமே கொண்ட குழு என்றதும் பணம் தரவேண்டியவர்கள் தயங்கினர். வீட்டிலிருந்து பிள்ளைகளை வளர்க்கலாமே என்று அறிவுரை கூறினர். குழுவினர் செலவைச் சுருக்கினர். பழைய மகிழுந்து இருக்கைகளின் உறைத்துணியை வெட்டி நீர்புகாத கையுறை தைத்தனர். வாத்து இறகை வாங்கித் தாமே படுக்கைப்பை செய்துகொண்டனர். பள்ளிப் பிள்ளைகள் தாம் பயன்படுத்தாத பழக்கூழ்ப் பொட்டலங்களைச் சேர்த்துக் கொடுத்தனர். பிராட்வே கடையில் குதிகால் ஆடிய காலணிக்கு இரண்டு காலுறை என்னும் உபாயம் இந்த வகையைச் சேர்ந்ததுதான். மே 4 அன்று பனிச்சரிவு ஒன்று அவர்களின் கூடாரத்தைப் புதைத்தது. உடன் வந்த ஷெர்ப்பா உதவியாளர்கள் தாபெயை இழுத்து வெளியே எடுத்தனர். எழுந்து நடக்கவே இயலாதிருந்த அவர் பன்னிரண்டு நாட்களில் சிகரத்தில் நின்றார்.

பச்சேந்திரி பாலின் அனுபவத்தை மத்தியப் பள்ளி மாணவர் பலர் ஒன்பதாம் வகுப்பு இந்திப் பாடநூலில் படித்திருப்பர். பல ஆண்டுகள் அது அங்கே பாடமாக இருந்தது. அவர் உத்தரகாசி மாவட்டத்து நாகுரி என்னும் சிற்றூரில் பிறந்தவர். ஏறக்குறைய 24,000 அடி உயரத்தில் நள்ளிரவில் அவருடைய கூடாரத்தின் மேலும் பனிச்சரிவு விழுந்தது. தோழர் ஒருவர் கத்தியால் கூடாரத்தைக் கிழித்து அவரை மீட்டார். காயமுற்றோர் பலர் கீழே இறங்கினர். அச்சமாக இருக்கிறதா என்று தலைவர் கேட்டபோது ஆம் என்று ஒப்புக்கொண்ட பச்சேந்திரி, திரும்பிப் போக விரும்புகிறாயா என்று கேட்டபோது மறுத்துவிட்டார். அச்சமே இல்லை என்று அவர் பொய் சொல்லவில்லை; அதனாலேயே அவ்வனுபவம் படிக்கத் தக்கது.

முத்தமிழ்செல்வி விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தவர். இரு பெண் குழந்தைகளின் தாய். சென்னையில் ஜப்பானிய மொழி கற்பித்தவர். தமிழ்நாட்டிலிருந்து எவரெஸ்ட் ஏறிய முதல் பெண் அவரே. பனியையே கண்டிராத கரிசல் மண்ணிலிருந்து அவ்வுயரத்துக்குச் செல்வது நாகுரியிலிருந்து செல்வதை விடத் தொலைவானது.

கொழுந்துக் கூடையோடு

மலையேறுபவர் என்ற பெயர் பெறாமலே வாழ்நாள் முழுவதும் மலையேறிய தமிழ்ப் பெண்களும் உண்டு. மூணாற்றின் தேயிலைத் தோட்டங்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கங்காணிகள் தென்மாவட்டத்துக் குடும்பங்களை அழைத்துச் சென்றனர். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் லயங்களில் வாழ்கின்றனர். 2695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியின் அடிவாரச் சரிவுகளில் காலை முதல் மாலை வரை கொழுந்து பறிப்பவர் பெரும்பாலும் பெண்களே.

அவர்களுக்குப் பருவம் பார்த்துப் பாதை திறப்பதில்லை. ஆனி ஆடி மழையில் கம்பளியைத் தலையில் போர்த்தி, இடுப்பில் படங்கு கட்டி, சேறும் வழுக்கலுமான சரிவில் ஏறுவர். அட்டை ஏறாதிருக்கக் காலில் புகையிலைத்தூள் தடவுவோர் உண்டு. உப்பு மூட்டையை இடுப்பில் செருகிக்கொள்வோர் உண்டு. மார்கழி, தை மாதங்களில் விடியலில் புல்லெல்லாம் வெண்பனி உறைந்திருக்கும். பனி கடுமையான ஆண்டுகளில் தேயிலை கருகிவிடும். கோடையில் கொழுந்து குறையும். கொழுந்து குறைந்தால் எடைக்கூலியும் குறையும். முதுகில் சுமையோடு சரிவில் இறங்கும்போது பாதத்தை எப்படி வைக்க வேண்டும் என்பதை அப்பெண்கள் எவரிடமும் சென்று கற்றதில்லை. தாயின் பின்னால் நடந்தே கற்றனர். நியாயமான கூலி கேட்டு 2015ஆம் ஆண்டு மூணாற்றுச் சாலையில் ஆயிரக்கணக்கில் அமர்ந்து நாடு முழுவதையும் திரும்பிப் பார்க்க வைத்தவர்களும் இவர்களே.

தீக்காலம்

மூணாற்றுக்கு அருகே, தமிழ்நாட்டு எல்லையில் குரங்கணி என்னும் மலைச்சிற்றூர் உள்ளது. 2018 மார்ச் 11 அன்று அப்பகுதியில் மலையேற்றம் முடித்து இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. அவர்களுள் பெண்கள் பலர். காய்ந்த புல் பற்றியெரிந்த வேகத்துக்கு ஓடிப் பிழைக்க வழியில்லை. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பெண்கள் என்பதால் நேர்ந்த துயரம் அன்று அது. காலம் தவறியதால் நேர்ந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் தீ ஒன்றே.

அதன்பின் தமிழ்நாட்டில் மலையேற்ற விதிகள் இறுக்கப்பட்டன. 2024ஆம் ஆண்டு அக்டோபரில் தமிழ்நாடு அரசு நாற்பது மலைப்பாதைகளை முறையாகத் திறந்தது. அந்தந்த ஊர்ப் பழங்குடியினரும் சிற்றூர் இளைஞரும் வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்றனர். தீக்காலம் வந்ததும் பாதைகள் மூடப்படுகின்றன.

மீண்டும் பிராட்வே

இடுக்கி முகாம் முடிந்து ஓராண்டு கழிந்தது. மகளுக்குப் பதினான்கு வயது நிரம்பியது. அகஸ்தியர்கூடத்துக்கு அவளும் இனி விண்ணப்பிக்கலாம். பதினெட்டு வயது நிரம்பாதவர் பெற்றோருடன் வருதல் வேண்டும். அல்லது அவர்தம் ஒப்புதல் கடிதத்தைக் கொண்டுவருதல் வேண்டும்.

மட்டாஞ்சேரியில் சுக்குக் கிடங்கில் வேலை பார்க்கும் தந்தைக்குச் சனவரியில் விடுப்பு கிடைக்காது. "கடிதம்தானே? எழுதித் தருகிறேன், உன் தோழியின் குடும்பத்தோடு போய் வா" என்றார் அவர்.

அரிசி களைந்துகொண்டிருந்த தாய் நிமிர்ந்தாள். "கடிதம் எதற்கு? நான் போகிறேன் அவளோடு."

அந்த வாரச் சனிக்கிழமை இருவரும் மீண்டும் படகேறினர். பிராட்வேயில் நட்சத்திரங்கள் தொங்கின. கடைக்காரர் மகளைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு, "கால் வளர்ந்துவிட்டதா, மோளே? இந்த முறை என்ன அளவு?" என்று கேட்டார்.

"எனக்கு ஏழு. அம்மாவுக்கு ஆறு" என்றாள் மகள்.

கடைக்காரர் ஒரு நொடி நின்றார். பிறகு அலமாரியின் மேல்தட்டிலிருந்து இரண்டு பெட்டிகளை எடுத்தார். தாய் முக்காலியில் அமர்ந்து, தேய்ந்த செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பையிலிருந்து இரண்டு இணைக் காலுறைகளை எடுத்தாள்.

சொல்லும் பொருளும்

சாரம் – பிழிவு
உபாயம் – செய்வழி
கொழுந்து – தேயிலையின் இளந்தளிர்
படங்கு – இடுப்பில் கட்டும் முரட்டுத்துணி
லயம் – தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்
கங்காணி – தொழிலாளரைத் திரட்டி மேற்பார்வை செய்பவர்
வழித்தோன்றல் – பின் தலைமுறையினர்

மதிப்பீடு

1. பொதிகை மலையில் ஆண்டு முழுவதும் ஏற இயலாமைக்குரிய காரணங்களை எழுதுக.
2. காணிக்காரர் தம் எதிர்ப்பை எவ்வாறு வெளிப்படுத்தினர்? அவர்களின் நிலையிலிருந்து ஐந்து தொடர்கள் எழுதுக.
3. உயர்நீதிமன்றத் தீர்ப்பு எதைப் பற்றிக் கூறியது? எதைப் பற்றிக் கூறவில்லை?
4. எவரெஸ்ட் ஏறியோரின் நாட்கள் மே மாதத்திலேயே அமைந்தது ஏன்?
5. உங்கள் தாய் அல்லது பாட்டியிடம், அவர்தம் ஊரிலிருந்து தெரியும் மலை, ஆறு அல்லது கடலைப் பற்றிக் கேட்டு, அவர் கூறியதை அவர் சொற்களிலேயே ஒரு பக்க அளவில் எழுதி வருக.